பதினேழாவது படம்

ஜூன் 5, புதன்

கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த வாரத்திலேயே காந்திமதியம்மாவின் வழக்கு வந்துவிட்டது. துணிக்கடைச் சந்தில் நைட்டித் துணியும் உள்பாவாடைத் துணியும் விற்றுக்கொண்டிருந்தவர். போன தீபாவளிக்கு முந்தைய வாரம், சரக்கு கூரை வரை அடுக்கியிருந்த நேரத்தில், ஒருநாள் முன்னிரவில் கடை எரிந்துபோனது. பக்கத்தில் குழந்தைவேலுவின் வெல்டிங் பட்டறை. நடுவில் ஒற்றைச் சுவர், அதன் உச்சியில் காற்றுப் போக ஓர் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத் தீப்பொறி விழுந்து துணி பற்றியது என்பது எங்கள் வழக்கு. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே பட்டறையைப் பூட்டிவிட்டேன் என்பது குழந்தைவேலுவின் பதில்.

நான் காந்திமதியம்மாவுக்கு வக்கீல். குழந்தைவேலுவுக்கு இளம்பரிதி. நானும் அவரும் ஒரே வருடம் பதிவு செய்தவர்கள். எதைக் கேட்டாலும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு ஆகாது.

அவர் தரப்பு ஆதாரங்களைக் காட்டவில்லை என்று நான் மனு போட்டிருக்கிறேன். என் தரப்பு காட்டவில்லை என்று அவர். அதற்கு எதிர்மனு, எதிர்மனுவுக்குப் பதில். நீதிபதியம்மா கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

“வழக்கு ஒரு முழம், சண்டை ஒம்பது முழம். ரெண்டு பேரும் சனிக்கிழமை தோறும் பார் லைப்ரரியில உக்காருங்க. அவங்கவங்ககிட்ட என்ன இருக்குதோ அதை மேசை மேல வைங்க. ஒத்துவராததை மட்டும் எங்கிட்ட கொண்டு வாங்க.”

இளம்பரிதி உடனே, “சரிங்க மேடம்” என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து மோட்டார் போச்சு என்கிறான். திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நாளைக்குக் கொடுக்க வேண்டியவற்றைத் தயார் செய்தேன். இன்சூரன்ஸ் சர்வேயர் கடை எரிந்த மறுநாள் எடுத்த படங்கள் காந்திமதியம்மா கொடுத்த பென்டிரைவில் இருக்கின்றன. தெளிவாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து அச்செடுத்தேன். எரிந்த அலமாரி, கருகிய துணிக்கட்டு, சுவர் உச்சியின் இடைவெளி எல்லாம் இருக்கிறது. பதினேழாவது படத்தை விட்டுவிட்டேன். அதில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரும் நாலு ஒயரும்தான். பெரிதாக ஒன்றும் இல்லை.

சேலத்திலிருந்து என் கணவர் பிரபாகர் நேரம் கழித்துத்தான் வந்தார். பேங்க்கில் ஆடிட்டாம். சனிக்கிழமையும் கோர்ட்டா என்று முகம் தூக்கினார். ஆடிட் என்றால் போன வாரம் ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டேன். “வாணி, நான் சாட்சிக் கூண்டுல இல்ல” என்றார்.

ஜூன் 8, சனி

பார் லைப்ரரியில் மின்விசிறி சுற்றும் மேசை ஒன்றுதான். அதில் இளம்பரிதி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருந்தார். குடிக்கவில்லை.

“முதல்ல நீங்க கேளுங்க மேடம்” என்றார்.

“உங்க ஆளு அன்னிக்கு என்ன வேலை பார்த்தார், யாருக்குப் பார்த்தார், எத்தனை மணி வரைக்கும் பார்த்தார். அது வேணும்.”

“அஞ்சு மணிக்கே பூட்டிட்டார். பதில்லயே சொல்லியிருக்கோமே.”

“சொன்னது இருக்குது. காட்டினது ஒண்ணும் இல்ல.”

சிரித்தார். “சரிங்க. எனக்கு முக்கியமா வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தம்மா கடையில கேமரா இருந்துச்சு. அதோட பதிவுப் பெட்டி எங்க?”

“தீயில போயிடுச்சு.”

“கல்லாப் பக்கம் அவ்வளவா எரியலைன்னு தீயணைப்புக்காரங்க எழுதியிருக்காங்களே.”

“எரியாட்டி என்ன, சூட்டுலயும் தண்ணியிலயும் போயிருக்கும்.”

“அப்ப ஒண்ணு பண்ணலாம். பெட்டி எங்கிட்ட இல்ல, தீயில அழிஞ்சு போச்சுன்னு அந்தம்மா ஒரு அஃபிடவிட் குடுத்துட்டாப் போதும். அந்த மனுவை நான் விட்டுடறேன்.”

எளிதாகத்தான் இருந்தது. அதனாலேயே யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மற்ற ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். கடைசியில் யார் எதற்குள் எதைக் கொடுப்பது என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டதுதான் மிச்சம்.

எழுந்திருக்கும்போது கேட்டார். “சர்வேயர் எடுத்த படம் எல்லாம் இதுதானுங்களா மேடம்?”

“எல்லாம்தான்” என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர் எதையோ மறைக்கிறார்.

ஜூன் 10, திங்கள்

வேறொரு மெக்கானிக். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறதாம், பெல்ட் மட்டும் போய்விட்டதாம். சொன்னேன் அல்லவா.

ஜூன் 12, புதன்

சந்துக்குப் போனேன். காந்திமதியம்மா கடையின் சுவரைப் பூசி, கொஞ்சம் சரக்கு வைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார். பட்டறை மட்டும் பூட்டியே கிடக்கிறது. குழந்தைவேலு இப்போது பெருந்துறைப் பக்கம் யாரிடமோ கூலிக்குப் போகிறாராம்.

நான் நிற்கும்போது அவர் மனைவி தெய்வானை குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். அங்கே நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். “ஊரை எரிச்சவன் பொண்டாட்டி” என்று டீக்கடை வாசலில் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்காது. தண்ணீர் நிரம்பும்வரை குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு சொன்னார். தீப்பிடித்த அன்று அவருடைய மச்சான் புது வீட்டுக்குக் கேட் எடுக்க வண்டி கொண்டுவந்திருந்தார். கேட் ஏற்றும்போது இருட்டிவிட்டது.

“பட்டறையில லைட்டு எரிஞ்சுதுங்களா?”

“லைட்டு என்னங்க, கேட்டுக்குக் கீல் வெச்சுப் பத்தவெச்சதே அப்பத்தானுங்க. கண்ணு கூசுச்சு.”

ஐந்து மணிக்குப் பூட்டினாராம்! நினைத்தது சரியாகிவிட்டது. மச்சானின் பெயர், ஊர், போன் எல்லாம் எழுதிக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் காந்திமதியம்மாவின் மகனையும் புகழ்ந்தார். தரணி தங்கமான பையன், கோவில் கமிட்டிக்குப் பனியனில் சாமி படம் பிரிண்ட் போட்டுக் கொடுத்தானாம், கடைக்குப் பின்னால் மெஷின் வைத்திருந்தானாம். காந்திமதியம்மா இதை என்னிடம் சொன்னதில்லை. எரிந்த சாமான்களின் பட்டியலிலும் இல்லை. சின்ன மெஷினாக இருக்கும்.

ஜூன் 15, சனி

இன்று நான் டீ குடித்தேன்.

மச்சானின் வாக்குமூலத்தை மேசை மேல் வைத்தேன். இளம்பரிதி படித்தார். மறுபடி படித்தார். முதல் தடவையாகச் சிரிக்காத இளம்பரிதியைப் பார்த்தேன்.

“இது எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

“உங்களுக்கே தெரியாதா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

“மேடம், அவர் எங்கிட்ட அஞ்சு மணின்னுதான் சொன்னார். குழந்தை மேல சத்தியம் பண்ணினார்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பு என்றுதான் முதலில் தோன்றியது. காதுமடல் சிவந்திருந்தது. அதை யாராலும் நடிக்க முடியாது.

“நான் போய் என் கட்சிக்காரரைக் கேக்கறேன்” என்று எழுந்தவர், “நீங்களும் உங்க கட்சிக்காரரை நல்லாக் கேட்டுட்டு அந்த அஃபிடவிட்டை வாங்குங்க” என்றார்.

தோற்றவர் வாயிலிருந்து வரும் பேச்சு. வரும் வழியில் பிரபாகருக்குப் பிடிக்கும் என்று கருப்பட்டி மைசூர்பாகு வாங்கினேன்.

ஜூன் 18, செவ்வாய்

காந்திமதியம்மாவும் தரணியும் ஆபீஸுக்கு வந்தார்கள். பட்டறையில் வேலை நடந்தது நிரூபணமாகிவிட்டது என்றதும் அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“எனக்குத் தெரியுமுங்க வக்கீலம்மா. அந்தப் பாவிதான். என்ற வீட்டுக்காரர் போனப்பறம் இந்தக் கையில கட்டின கடைங்க.”

கேமரா பெட்டி பற்றிய அஃபிடவிட்டின் வரைவை வாசித்துக் காட்டினேன். “எரிஞ்சு போச்சு, சரிதானுங்க” என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. தரணி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது, பேச்சு குறைவு.

“கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் நீதானே தம்பி பார்த்துக்கிட்டே? நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

“நான் எதுக்குங்க? கடை அம்மா பேருலதானே இருக்குது?”

நியாயமான கேள்விதான். பனியன் பிரிண்ட் பற்றியும் கேட்டேன். வெளியில் கொடுத்து வாங்கினோம் என்றான். டீக்கடைக்காரர் தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் புதன்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினேன். இன்றைக்கே வாங்கியிருக்கலாம். முத்திரைத் தாள் தயாராகத்தான் இருந்தது.

ஜூன் 19, புதன்

வாஷிங் மெஷின் ஓடுகிறது. நாள் முழுக்க ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 22, சனி

இளம்பரிதி நேராக விஷயத்துக்கு வந்தார்.

“என் ஆளு அன்னிக்கு வேலை பார்த்தது உண்மை. இருட்டுற வரைக்கும் பார்த்திருக்கார். பதிலைத் திருத்தி மனு போடறேன். இந்தாங்க நகல்.”

கையில் வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தேன். இப்படி யாரும் கொடுப்பதில்லை.

“அப்ப ஏன் பொய் சொன்னார்?”

“வீட்டு கேஸ் சிலிண்டரை வெச்சு இரும்பு வெட்டியிருக்கார். தீன்னதும் அதுதான் ஞாபகம் வந்திருக்குது. போலீஸ் புடிச்சுட்டுப் போயிடும்னு பயந்து, அன்னிக்கு வேலையே பார்க்கலைன்னு சொல்லிட்டார். ஒரு பொய்யைச் சொன்னவர் அப்பறம் அதையே புடிச்சுக்கிட்டார். ஆனா ஒண்ணுங்க மேடம். வெல்டிங் வெச்சது தெருவுல, கேட்டை வெளிய நிறுத்தி. சுவர் பக்கம் இல்ல. உங்க சாட்சியவே கேட்டுப் பாருங்க.”

டீக்கடைக்காரர் கண் கூசியது என்றார். பட்டறைக்குள் வேலை நடந்திருந்தால் எதிர்ச்சாரியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் கண் கூசும்? இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

“சரி, பார்க்கலாம்” என்றேன்.

“அந்தக் கேமரா அஃபிடவிட் மட்டும் அடுத்த சனிக்கிழமை குடுத்துடுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

வேறு எதுவும் வேண்டாமாம். கேட்டிருந்த வேறு மூன்று விஷயங்களைத் தானாகவே அடித்துவிட்டார். இந்த ஒரு அஃபிடவிட்டின் மேல் இந்த மனிதருக்கு ஏன் இத்தனை ஆசை? பொய் என்று காட்ட வழி இருந்தால்தானே ஒருவர் அடுத்தவரின் சத்தியத்துக்கு இப்படிக் காத்திருப்பார்?

பிரபாகர், “என்ன யோசனை?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 24, திங்கள்

காலையில் ஆபீஸுக்குப் போனதும் பென்டிரைவைப் போட்டுப் பதினேழாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சுவரில் புகை படிந்திருக்கிறது. அதன் நடுவே ஒரு பெட்டி அளவுக்குச் சதுரமாக வெள்ளைச் சுவர் அப்படியே இருக்கிறது. புகை படியும்போது அங்கே பெட்டி இருந்திருக்கிறது. நாலு ஒயர்களும் சதுரத்தின் ஓரத்தில் தொங்குகின்றன. ஒன்றுகூட உருகவில்லை. நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறது. தீ அணைந்த பிறகு, சர்வேயர் வருவதற்கு முன், யாரோ வெட்டிப் பெட்டியை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

படத்தை முதல் முறை பார்த்தபோதே இது எனக்குத் தெரிந்தது.

ஜூன் 26, புதன்

சொன்ன நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். கதவைச் சாத்தினேன். அஃபிடவிட்டை அந்தம்மா முன்னால் வைத்தேன். பேனாவைக் கொடுக்கவில்லை.

“அக்கா, இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா கோர்ட்டுல சத்தியம் பண்ணின மாதிரி. அதுக்கு முன்னாடி இந்தப் படத்தைப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “நம்ம கல்லாவுக்குப் பின்னாடி செவுருங்க.”

“அந்த ஒயர் நுனியைப் பாருங்க.”

வெகுநேரம் பார்த்தார். “வெட்டினாப்பல இருக்குதுங்களே.” சட்டென்று நிமிர்ந்தார். முகமே மாறிவிட்டது. “அவன்தானுங்க! தடயம் இருக்கக் கூடாதுன்னு அந்தப் பாவி உள்ள பூந்து வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கறான். இத மொதல்லயே காட்டியிருந்தா—”

“அம்மா, சும்மா இருங்க” என்றான் தரணி.

“ஏண்டா? நாம ஏன் சும்மா இருக்கோணும்?”

“நான்தாம்மா வெட்டினேன்.”

அந்தம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பனியனில் படம் ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷினை அம்மாவுக்குத் தெரியாமல், தான் மட்டும் போய்வரும் பின்பக்கச் சரக்கு அறையில் வைத்திருந்தான். தீபாவளி ஆர்டர். அன்று சாயங்காலம் சூடேறட்டும் என்று போட்டுவிட்டு மொத்த வியாபாரக் கடையில் பனியன் எடுக்கப் போனான். அங்கே கூட்டம். திரும்பி வரும்போது சந்து முனையிலேயே புகை.

“அம்மா அன்னிக்குக் கோவை போயிருந்தாங்க. வந்ததும் வெல்டிங்காரன்தான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க. அப்பறம் சொல்ல முடியலீங்க.”

“பெட்டி?”

“சிநேகிதன் ரூம்ல இருக்குது. ஆத்துல போடலாம்னு எடுத்துட்டுப் போனேன். போட முடியலீங்க.”

அந்தம்மா அடிப்பார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடக்கி வைத்தார்.

“அன்னிக்கு அவன் பட்டறை வாசல்ல நின்னு, உன்ற குடி வெளங்காம போகன்னு மண்ணை வாரித் தூத்துனனே. அப்ப நீ எங்கடா நின்னே?”

“உங்க பக்கத்துலதாம்மா.”

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

நான் வக்கீலுக்குரியதைச் சொன்னேன். இந்த அஃபிடவிட்டைக் கொடுக்க முடியாது. வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெட்டியை எதிர்த்தரப்பிடம் காட்டுவது காந்திமதியம்மா சம்மதித்தால்தான்.

“காரணம் சொல்ல வேண்டாமுங்களா?” என்றார்.

“சட்டப்படி வேண்டாம்.”

“அந்தாளுக்கு வேண்டாமுங்களா?”

அவர் எழுந்து மகனிடம், “போய் எடுத்துட்டு வா” என்றார். அவன் வரும்வரை என் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. எழுதிவைத்த அஃபிடவிட்டை நான் கிழித்தபோது மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஜூன் 29, சனி

பதினேழாவது படத்தையும் பெட்டியையும் லைப்ரரி மேசை மேல் வைத்தேன்.

இளம்பரிதி பெட்டியைத் தொடவில்லை. படத்தைப் பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து, அதிலிருந்து ஒரு படத்தை உருவி என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே படம். அதே சுவர், அதே ஒயர்.

“சர்வேயர் ஆபீஸ்ல நகல் வாங்கினேன். மார்ச்லயே.”

இரண்டு படங்களின் ஒயர் நுனிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

“அப்ப மொதல் சனிக்கிழமை, படம் எல்லாம் இதுதானான்னு கேட்டது—”

“ஆமாங்க. எல்லாம்தான்னு சொன்னீங்க.”

என் படத்தை நேராக்கி வைத்தேன்.

“அந்தம்மா சத்தியம் பண்ணட்டும்னு காத்திருந்தேன்” என்றார். “குறுக்கு விசாரணையில கூண்டுல ஏத்தி இதைக் கையில குடுத்திருந்தா கேஸ் அங்கயே முடிஞ்சிருக்கும்.”

“அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பையன் பண்ணினது. தெரியாமலே பொய்ச் சத்தியத்துல மாட்டியிருப்பாங்க.”

“என் ஆளும் தெரியாமத்தாங்க மாட்டினார். எட்டு மாசமாச்சு.”

சிரிப்பு இல்லை. நான் இத்தனை நாள் அவரிடம் எதைக் கண்டு சந்தேகப்பட்டேனோ அது உண்மையாகவே அங்கே இருந்தது. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ அதுவும் சரியாகத்தான் இருந்தது. மின்விசிறியின் அடியில் இரண்டு படங்களும் படபடத்தன. அவர் தன் பேனாவை ஒன்றின் மேலும், என் பேனாவை மற்றதன் மேலும் வைத்தார்.

“நீங்க கொண்டு வருவீங்கன்னு நினைக்கலீங்க மேடம்.”

“நானும் நினைக்கல.”

பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி இருவரும் பதிவைப் பார்த்தோம். சரக்கு அறையின் மூலையில் மெஷின். அதன் மேல் சிவப்பு விளக்கு. தரணி குனிந்து ஏதோ திருகிவிட்டுப் போகிறான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்பு மெஷினுக்குப் பின்னால் தொங்கிய துணி மெல்லப் பழுப்பாகிறது. பட்டறைச் சுவர் எதிர்ப்பக்கம். அங்கே ஒரு பொறியும் இல்லை. புகை திரையை மூடும்போது தரணி ஓடிவருகிறான். ஒரு பக்கெட் தண்ணீரை வீசுகிறான், கையால் துணியை இழுத்துப் போடுகிறான், வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போகிறான். பிறகு கரண்ட் போய்ப் படம் நின்றுவிட்டது.

“அணைக்கப் பார்த்திருக்கான்” என்றார் இளம்பரிதி.

“ஆமாம்.”

வாபஸ் மனுவில் என்ன எழுதுவது என்று இருவரும் சேர்ந்தே பேசினோம். ‘வாதி வழக்கைத் தொடர விரும்பவில்லை’ என்பது போதும் என்றார் அவர். என் கட்சிக்காரர் சம்மதித்தால் என்றேன்.

ஜூலை 3, புதன்

நீதிபதியம்மா வாபஸ் மனுவைப் படித்துவிட்டு, “சனிக்கிழமை உக்காந்ததுக்கு இதாவது கிடைச்சுதே” என்றார். உத்தரவு சொல்லத் தொடங்கும்போது காந்திமதியம்மா எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உக்காருங்கம்மா. உங்க வக்கீல் எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்க.”

“வாபஸ்னு எழுதியிருக்கறாங்க சாமி. ஏன்னு எழுதல. தீ எங்கடையிலதானுங்க பிடிச்சுது. என்ற பையன் மெஷினைப் போட்டுட்டுப் போயிட்டான். அந்தண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. இன்சூரன்ஸுக்கும் எழுதிக் குடுத்துட்டனுங்க.”

பின் வரிசையில் குழந்தைவேலு எழுந்தார். குள்ளமான மனிதர். நான் அவரை எதிரியாகப் பார்த்தேனே தவிர, ஆளைச் சரியாகப் பார்த்ததில்லை.

“நானும் அஞ்சு மணிக்குப் பூட்டினேன்னு பொய் சொன்னனுங்க அம்மா. பயந்துட்டு.”

நீதிபதியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்னதையெல்லாம் பதிவு செய்யச் சொல்லி, வழக்கை முடித்தார்.

வெளியே படிக்கட்டில் காந்திமதியம்மா குழந்தைவேலுவின் முன்னால் போய் நின்றார். “அண்ணா” என்று ஆரம்பித்தார். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“கோர்ட்டுல சொல்லிட்டீங்க. நாலு வக்கீலு கேட்டாங்க. என்றூட்டுக்காரி தண்ணி புடிக்கிற எடத்துல யாருக்குங்க தெரியும்?”

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார். இளம்பரிதி அவர் பின்னால் ஓடினார்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் காந்திமதியம்மா போன் செய்தார். “சந்துக்கு வாங்க வக்கீலம்மா. நாங்க மட்டும் சொன்னா, எங்களை வெலைக்கு வாங்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க நின்னா நம்புவாங்க.”

வக்கீலின் வேலை இல்லை இது. பிரபாகர் வண்டியை எடுத்தார். “நான் வெளிய நிக்கறேன், நீ போயிட்டு வா” என்றார்.

டீக்கடையில் ஆரம்பித்தோம். காந்திமதியம்மாதான் சொன்னார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். அடுத்து டெய்லர் கடை. அங்கேயும் அவரேதான் சொன்னார். சிலர் இதையெல்லாம் இப்போது எதற்கு என்றார்கள். ஒருவர், எங்களுக்கு அப்பவே தெரியும் என்றார். அன்று குழந்தைவேலுவின் பட்டறைப் பூட்டை உடைக்கப் போனவர்களில் அவரும் ஒருவர் என்று காந்திமதியம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

தரணி ஒரு கடையிலும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு ஓரடி பின்னால் தலையைக் குனிந்தபடியே வந்தான். குழாயடிக்கு வந்ததும் அந்தம்மா நின்றுவிட்டார்.

“இனி நீ சொல்லு.”

அங்கே நாலைந்து பெண்கள். தெய்வானையும் குடத்தோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

“அக்கா” என்றான் தரணி. “அண்ணன் எரிக்கலீங்க. நான்தான்... மெஷினைப் போட்டுட்டுப் போனது நான்தானுங்க.”

குரல் அவன் தொண்டையைத் தாண்டியிருக்காது. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது.

தெய்வானை நின்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். குழாயை இறுக்கி மூடினாள்.

“சத்தமாச் சொல்லு” என்றாள். “மாடியில இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

அவன் நிமிர்ந்து மாடி சன்னல்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.